லேபிளில் ஒரு வெள்ளைக் கோடு

விலை லேபிளை யாரும் படிப்பதில்லை. எண்ணைப் பார்ப்பார்கள், முகத்தைச் சுளிப்பார்கள், "இதுக்கா இவ்வளவு?" என்பார்கள், வைத்துவிட்டுப் போவார்கள். எண்ணுக்கு மேலே இரண்டு வரி இருக்கிறது, அதில் பொருளைப் பற்றி ஏதோ எழுதியிருக்கிறது என்பதைக் கவனித்தவர்கள் எங்கள் கடையில் இரண்டே பேர். ஒருத்தி நான். இன்னொருவர் அதை அடித்தவர்.

பழைய பொருள்களை வாங்கி விற்கிற கடை எங்களுடையது. முன்னால் பெரிய ஹால், அது என் ராஜ்ஜியம். பின்னால் மூட்டை பிரிக்கிற அறை, அது அவருடையது. நடுவில் தானாகச் சாத்திக்கொள்ளும் ஒரு கதவு. மூட்டையில் வருவதைத் துடைத்து, சோதித்து, லேபிள் ஒட்டிக் கூடையில் வைப்பது அவர் வேலை. கூடையைத் தூக்கி வந்து அடுக்குவதும், பேரம் பேசுகிறவர்களோடு மல்லுக்கட்டுவதும் என் வேலை. எனக்கு வாய் நீளம் என்பதால்தான் முதலாளியம்மா என்னை முன்னால் போட்டார். அவருக்கு வாயே இல்லை என்பதால் அவரைப் பின்னால் போட்டார்.

அவரை நாங்கள் டாக்டர் என்போம். பழைய ரேடியோ, கடிகாரம், மின்விசிறி எது வந்தாலும் காதோடு சேர்த்துவைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பிறகு "பிழைச்சுக்கும்" என்பார், அல்லது "கஷ்டம்" என்பார். நாள் முழுக்க அவர் பேசுவது அவ்வளவுதான். மிச்சத்தையெல்லாம் லேபிளில் போட்டுவிடுவார் போல.

முதலில் என் கண்ணில் பட்டது ஒரு நாற்காலி. "மர நாற்காலி. உட்கார்ந்தால் முனகும்" என்று இருந்தது. ஹாலில் தனியாக நின்று சிரித்துவிட்டேன். பக்கத்தில் சட்டை புரட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாள், தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று சண்டைக்கே வந்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் ஒரு லேபிளையும் விட்டதில்லை. "குடை. ஒரு கம்பி சொன்ன பேச்சு கேட்காது." "மேஜை விளக்கு. தலையில் தட்டினால்தான் விழிக்கும்." "சூட்கேஸ். சுற்றியது போதும் என்கிறது."

எனக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. நேரே போய் "நல்லா எழுதறீங்க" என்று சொல்லியிருக்கலாம். அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு போய்ச் சொன்னால் மனிதர் மறுநாளிலிருந்து எழுதுவதையே நிறுத்திவிடுவாரோ என்று பயம். அதனால் வேறு வழி பிடித்தேன்.

அவர் லேபிள் அடிக்கிற பிரிண்டர் ஒரு செருப்பு டப்பா அளவுதான் இருக்கும். மை கிடையாது, ரிப்பன் கிடையாது. தாளிலேயே ஏதோ மருந்து தடவியிருக்கும். சூடு பட்ட இடம் கறுக்கும், அதுதான் எழுத்து. நகத்தால் அழுத்திக் கீறினாலும் கறுக்கும், உரசலும் சூடுதானே. விலை குறைக்க வேண்டிய பொருள்கள் ஹாலிலிருந்து கூடையில் அவரிடம் திரும்பிப் போகும். அந்தப் பழைய லேபிள்களில் நகத்தால் ஒரு சரிக்குறி போட ஆரம்பித்தேன். சிரிப்பு வந்தால் சரிக்குறி. ரொம்பச் சிரித்தால் இரண்டு. ஒன்றும் தேறவில்லை என்றால் பெருக்கல் குறி. ஒருமுறை பெருக்கல் போட்டு அனுப்பிய பூச்சாடி, புது லேபிளோடு திரும்பி வந்தது. "பூச்சாடி. இன்னும் முயற்சி செய்கிறது" என்று எழுதியிருந்தார். அதற்கு மூன்று சரிக்குறி போட்டேன்.

எல்லா லேபிளிலும் மேலிருந்து கீழாக மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு ஓடும். அது முதலாளியம்மாவின் கைவண்ணம். பிரிண்டருக்குள் ஒட்டிக்கொண்ட லேபிளை எடுக்கிறேன் என்று பிளேடால் சுரண்டி, சூடாகிற பட்டையில் ஒரு புள்ளியைக் கொன்றுவிட்டார். அந்தப் புள்ளிக்கு நேரே எதுவும் கறுக்காது. ஒவ்வொரு வரியிலும் அதே இடத்தில் ஓர் எழுத்து பிளந்து நிற்கும். டாக்டர் அன்றைக்கு முழுக்க, யாரோ அவர் வீட்டுக் குழந்தையை அடித்துவிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தக் கோட்டோடு பழகிக்கொண்டார். நானும் பழகிக்கொண்டேன்.

ஒருநாள் காலை, வேலைக்கு வந்ததும் பின்னறை மேஜையில் கிடந்த ஒரு கைக்கண்ணாடியை எடுத்துத் தலையைச் சரிசெய்துகொண்டு போனேன். அவர் மூலையில் மூட்டை பிரித்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. மதியம் அந்தக் கண்ணாடி கூடையில் வந்தது. "கைக்கண்ணாடி. காலையில் இதில் பார்த்தவர் அழகு" என்று அடித்திருந்தார்.

அதில் நான் சரிக்குறி போடவில்லை. லேபிளை உரித்து என் போன் உறைக்குள் வைத்துக்கொண்டேன். பிளாஸ்டிக்கோடு ஒட்டிக் கிடந்தால் இந்த எழுத்து சீக்கிரம் வெளுத்துவிடும், எனக்குத் தெரியாததா? ஆனால் வேறு எங்கே வைப்பது? அது வெளுத்தும் போயிற்று. வெறும் வெள்ளைத் தாளை ரொம்ப நாள் வைத்திருந்தேன்.

எனக்கு ஒருமுறை கல்யாணம் ஆகி, ஒத்துவராமல் முடிந்தது. அதைப் பற்றி இவ்வளவு போதும். அண்ணன் வீட்டில் இருக்கிறேன். அண்ணிக்கும் எனக்கும் நல்ல ஒட்டுதல். ராத்திரிச் சாப்பாட்டு வேளையில் அவளுக்கு டாக்டரின் லேபிள்களை ஒப்பிப்பது என் வழக்கம்.

"இன்னைக்கு என்ன எழுதினாரு உன் டாக்டரு?" என்பாள்.

"என் டாக்டரா? கடைக்கு டாக்டர்."

"சரி சரி. கடைக்கு டாக்டர், நோயாளி மட்டும் நம்ம வீட்டுல" என்று சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். எனக்குக் கோபம் வருகிற மாதிரி நடிக்க வேண்டியிருக்கும்.

கடையின் பின்வாசல் பக்கம் ஓர் அலமாரி உண்டு. வேலை செய்கிறவர்களுக்கு ஏதாவது பிடித்துப்போனால், அது விற்பனைக்குப் போவதற்கு முன்னால் எடுத்து அந்த அலமாரியில் வைத்துவிடலாம். பிறகு வசதிப்பட்டபோது வாங்கிக்கொள்ளலாம். எடுத்துவைத்ததை வேறு யாரும் தொடக் கூடாது. முதலாளியம்மாவே தொடமாட்டார். "எடுத்துவச்சாச்சு" என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. வேன் வந்து சாமான் ஏற்றுவதும் அந்த அலமாரியை ஒட்டித்தான்.

முதலாளியம்மா நகரத்தின் அடுத்த கோடியில் இன்னொரு கடை திறந்தார். அங்கே டாக்டரை அனுப்பப் போவதாக ஒரு சனிக்கிழமை சாயங்காலம்தான் முடிவு செய்திருக்கிறார். அன்றைக்கு அண்ணியைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டியிருந்ததால் நான் சீக்கிரமே கிளம்பிவிட்டேன். திங்கட்கிழமை வந்தால் பின்னறையில் புது பிரிண்டர் உட்கார்ந்திருக்கிறது. பளபளவென்று, ஒரு கோடு இல்லாமல்.

"பழகின கை, பழகின மெஷின். ரெண்டையும் சேர்த்தே அனுப்பிட்டேன்" என்றார் முதலாளியம்மா, ஏதோ சாமர்த்தியம் செய்துவிட்ட மாதிரி. "இனிமே இங்க லேபிளையும் நீயே அடிச்சுக்கோம்மா."

அவர் கடைசியாக லேபிள் ஒட்டி வைத்துவிட்டுப் போன கூடை மேஜைமேல் இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தேன். தட்டு. கரண்டி. பெல்ட். பொருளின் பெயர், விலை. அவ்வளவுதான். போகிறேன் என்று ஒரு வார்த்தை இல்லை. ஒரு குடையிடம்கூட ஏதோ சொல்லத் தெரிந்த மனிதருக்கு என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை. கோபத்தில் அன்றைக்கு மூன்று வாடிக்கையாளர்களைத் திட்டி அனுப்பினேன்.

கூடையில் ஓர் இடம் காலியாக இருந்தது. அதை நான் கவனித்தேன், ஆனால் யோசிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முதலாளியம்மா வந்து கடையின் கண்ணாடி ஜன்னலைப் புதிதாக அலங்கரித்திருந்தார். அந்தக் கூடையிலிருந்து நீல விளிம்பு போட்ட ஜோடிக் கோப்பைகளை எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்த்து, ஜன்னலின் மேல்தட்டில் கோபுரம் மாதிரி நிறுத்தியிருந்தார். அடியில் ஒட்டியிருந்த லேபிள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் ஜன்னலில் மதியம் முழுக்க வெயில் விழும். ஜன்னலில் வைத்ததை அடுத்த அலங்காரம் வரை விற்பதும் இல்லை, அங்கே நுழைகிற சின்னக் கதவின் சாவி முதலாளியம்மாவிடம்தான். தினமும் காலையில் வெளியே நின்று கண்ணாடியைத் துடைக்கும்போது அந்தக் கோப்பைகளை அண்ணாந்து பார்ப்பேன். அழகாகத்தான் இருக்கின்றன என்று நினைத்துக்கொள்வேன்.

வாரம் ஒருமுறை வேன் வரும். இங்கே விலைபோகாதது அங்கே போகும், அங்கே விலைபோகாதது இங்கே வரும். முதல் பெட்டியை, வேன் கிளம்புவதற்கு முன்பே பிரித்துவிட்டேன். லேபிளில் அந்த வெள்ளைக் கோடு இருந்தது. "சட்டை. நீலம். பெரியது." அவ்வளவுதான். அடுத்ததைப் பார்த்தேன். "சட்டை. வெள்ளை. சிறியது."

புது இடம், வேலை அதிகமாக இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வாரங்கள் போயின, மாதங்கள் போயின. வெள்ளைக் கோடு வந்துகொண்டே இருந்தது, வார்த்தை வரவில்லை. திருப்பி அனுப்புகிற பொருள்களின் லேபிளில் நகத்தால் சரிக்குறி போட்டு அனுப்பினேன். "சட்டை. நீலம்" என்பதற்கு யாராவது சரிக்குறி போடுவார்களா? நான் போட்டேன். கோடு விழுந்த லேபிள்களை உரித்து கடையில் எனக்கென்று கொடுத்திருந்த பெட்டகக் கதவின் உள்பக்கம் வரிசையாக ஒட்டிவைத்தேன். பையை வைக்கவும் எடுக்கவும் கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கோடுகளைப் பார்ப்பேன். அவர் கை பட்ட தாள் அது என்கிற நினைப்பே போதுமாக இருந்தது. போதவில்லை. ஆனால் வேறு எதுவும் இல்லை.

"ஒரு போன் பண்ணிக் கேட்டுட வேண்டியதுதானே?" என்றாள் அண்ணி.

"என்னன்னு கேக்கறது? ஏன் சட்டைன்னு மட்டும் எழுதறீங்கன்னா?"

"வேற எதுவும் கேக்க இல்லையா உனக்கு?"

"சொல்லாமப் போனது அவரு. நான் ஏன் கேக்கணும்?"

அண்ணி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "ஆமா, ரெண்டு பேரும் அப்படியே இருங்க" என்று எழுந்து போய்விட்டாள்.

வெயில் காலம் முடிந்ததும் முதலாளியம்மா ஜன்னலை மாற்றினார். பழைய அலங்காரம் ஒரு தட்டில் என் மேஜைக்கு வந்தது. வழக்கம்போல எல்லா லேபிளும் வெளுத்துப்போய் வெறும் வெள்ளைத் தாளாக இருந்தன. விலை மறைந்துவிட்டால் வாடிக்கையாளர்களுக்குக் கொண்டாட்டம், "அப்ப சும்மாவா?" என்று கேட்பார்கள். அதனால் பழையதை உரித்துவிட்டுப் புதிது ஒட்ட வேண்டும்.

உரிப்பதற்கு எங்களிடம் ஒரு ஹேர் டிரையர் இருக்கிறது. சூடு காட்டினால் பசை இளகி லேபிள் கிழியாமல் வரும். இந்த லேபிள் சூட்டில் கறுக்கும் என்பதால் சீக்கிரம் காட்டிச் சீக்கிரம் உரித்துவிடுவோம். அன்றைக்கு நான் நீல விளிம்புக் கோப்பையைக் கவிழ்த்து டிரையரைப் பிடித்தபோது, யாரோ முன்னால் மணியடித்துக் கூப்பிட்டார்கள். "வர்றேன், ஓடியா போறேன்" என்று கத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால், தாள் முழுவதும் கறுத்துக்கொண்டிருந்தது.

முழுவதும் இல்லை. எழுத்து இருந்த இடம் மட்டும் கறுக்கவில்லை. ஒருமுறை எரிந்து வெளுத்த இடம் இரண்டாம் முறை எரியாது போலிருக்கிறது. கறுப்புக்கு நடுவில் வெளிறிய எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. அந்தக் கோடும் இருந்தது, இப்போது கறுப்பாக.

"ஜோடிக் கோப்பை. பிரித்து விற்பதற்கில்லை.
உங்களுக்குச் சம்மதமென்றால் எடுத்துவையுங்கள்."

மணி மறுபடி அடித்தது. நான் போகவில்லை. அவருடைய எந்த லேபிளும் அதுவரை "உங்களுக்கு" என்று யாரையும் கூப்பிட்டதில்லை. சொல்லாமல் போகவில்லை அவர். கேட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார். நான்தான் தினமும் காலையில் அந்தக் கேள்விக்குக் கீழே நின்று கண்ணாடி துடைத்திருக்கிறேன். அழுகை வந்தது, அழுதேன். பழக்கதோஷத்தில் லேபிளின் ஓரத்தில் நகத்தால் ஒரு சரிக்குறி போட்டேன். கறுத்துப்போன தாளில் என்ன கீறினாலும் தெரியாது.

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இன்னும் ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை என்று தோன்றியது. வாராவாரம் வெள்ளைக் கோடு வருகிறதே, மனிதர் அங்கேதானே இருக்கிறார். கோப்பைகளைக் கழுவித் துடைத்து, பின்வாசல் அலமாரியில், வேனிலிருந்து இறங்கினால் முதலில் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தேன். புது பிரிண்டரில் லேபிள் அடித்து முன்பக்கமாக ஒட்டினேன். "ஜோடிக் கோப்பை. எடுத்துவைத்தாயிற்று."

அண்ணியிடம் அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேலி எதுவும் செய்யவில்லை. மறுநாள் எனக்குத் தன்னுடைய நல்ல பச்சைப் புடவையை எடுத்துக் கொடுத்தாள். வேன் வருவதற்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. இரண்டு நாளும் நான் யாரிடமும் சண்டை போடவில்லை. வாடிக்கையாளர்களுக்கே சந்தேகம் வந்திருக்கும்.

வேன்காரர் வந்து பெட்டியை இறக்கினார். திரும்பும்போது அலமாரியைப் பார்த்து நின்றார்.

"அட, இந்தக் கோப்பைதானா அது?"

"எது?" என்றேன்.

"டாக்டர் கேட்டுக்கிட்டே இருந்தாரேக்கா. நான் அங்க போய் வண்டிய நிறுத்தினதும் வந்து நிப்பாரு. 'அந்த அலமாரியில நீல விளிம்பு வச்ச கோப்பை ரெண்டு இருக்கா'ம்பாரு. நான் பார்த்துட்டுத்தானே ஏத்திட்டு வர்றேன். 'அங்க ஒரு சைக்கிள் பம்ப்பும் ஒரு கிழிஞ்ச பையும்தான் இருக்கு'ம்பேன். 'சரி'ன்னுட்டு உள்ள போயிடுவாரு. அடுத்த வாரமும் வந்து நிப்பாரு."

"இன்னைக்குப் போய்ச் சொல்லுங்க. இருக்குன்னு சொல்லுங்க."

வேன்காரர் தலையைச் சொறிந்தார். "யார்கிட்ட சொல்றது? அவரு அங்க இல்லையேக்கா. போய் ரொம்ப நாளாச்சு. அந்தக் கடைக்குப் போன ரெண்டாம் மாசமே நின்னுட்டாரு."

"அப்ப லேபிள் அடிக்கிறது?"

"அது ஒரு பொண்ணு. நல்ல பொண்ணு. காதுல பாட்டக் கேட்டுக்கிட்டே மடமடன்னு அடிச்சுத் தள்ளும்."

நான் பெட்டகக் கதவை நினைத்தேன். சட்டை. நீலம். பெரியது. முதல் சில வாரங்கள் போக, மிச்ச மாதமெல்லாம் காதில் பாட்டு கேட்டுக்கொண்டே யாரோ ஒரு பெண் அடித்துத் தள்ளிய தாள்களைத்தான் தடவித் தடவிப் பார்த்திருக்கிறேன். நான் போட்ட சரிக்குறிகளைப் பார்த்து அந்தப் பெண் என்ன நினைத்திருப்பாளோ. கோடு அவருடையது இல்லை, பிரிண்டருடையது. இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

"எங்க போனாருன்னு தெரியுமா?"

"எங்கயோ ரிப்பேர் கடை வச்சிருக்கிறதாச் சொன்னாங்க. எந்தப் பக்கம்னு சரியாத் தெரியல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்ககிட்ட சொல்லலையா? நீங்க ரெண்டு பேரும் நல்லாப் பேசிப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

"பேசினதே இல்ல" என்றேன்.

முதலாளியம்மாவிடம் அவருடைய நம்பரை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். வேறு யாரோ எடுத்து, அப்படி யாரும் இல்லை என்றார்கள். அண்ணி, தெரிந்த ரிப்பேர் கடைகளிலெல்லாம் விசாரிக்கிறாள். எங்கள் வீட்டு மின்விசிறி நன்றாகச் சுற்றுகிறது, ஆனாலும் அதைக் கழற்றிக் கழற்றி எடுத்துக்கொண்டு போகிறாள்.

கோப்பைகளுக்கு மறுநாளே விலையைக் கட்டிவிட்டேன். முதலாளியம்மா அலமாரியைக் கடக்கும்போதெல்லாம், "ஏம்மா, உன்னோடதுதானே, வீட்டுக்கு எடுத்துட்டுப் போயேன்" என்கிறார். இருக்கட்டும்மா என்பேன். எடுத்துவைத்ததை யாரும் தொடக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்தானே. பின்வாசல் பக்கமும் கொஞ்சம் வெயில் வரும். லேபிள் மங்க ஆரம்பித்தால் உரித்துவிட்டு அதையே மறுபடி அடித்து ஒட்டுகிறேன்.

வேன்காரர் ஊரெல்லாம் சுற்றுகிறவர். பெட்டிகளை ஏற்றிவிட்டு அவர் கிளம்பும்போது ஒவ்வொரு வாரமும் வாசல் வரை போய் நிற்கிறேன்.

"யாராவது கேட்டா, அலமாரியில இருக்குன்னு சொல்லுங்க."

"யாரு கேக்கப் போறாங்கக்கா?"

"கேட்டா சொல்லுங்க."